பழைய நூல் அறையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியின் பழைய நூல் அறையைப் பதினொரு வருடமாகக் கவனித்து வருகிறேன். அறை பெரிதல்ல. லத்தீனும் பிரெஞ்சும் மூன்று அலமாரி, பர்மிய மொழி மறைக்கல்வி நூல்கள் ஓர் அலமாரி, புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் அச்சாகிக் கப்பலேறி வந்த தமிழ் ஜெபப் புத்தகங்கள் ஒரு தட்டு, கொஞ்சம் பனையோலைக் கட்டுகள், மூன்று பறபைக் மடிப்பேடுகள். அப்புறம், மூடிப்போன பங்குக் கோவில்களிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள்.

இந்தப் பதிவேடுகளைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், 1960களில் கப்பலேறியவர்களின் பிள்ளைகள். பாட்டி இங்கே பிறந்தாள் என்பதற்கு அவர்களிடம் வேறு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. லத்தீனில் ஒரு வரி, அதில் தகப்பன் பெயர், தாய் பெயர், அவ்வளவுதான். மோல்மேனிலோ பசீனிலோ மந்தலேயிலோ இப்படி ஓர் அறையைக் கைக்காசில் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் அறையில் பூச்சியும் மழையும் செய்த சேதத்தைவிட, நல்ல மனசோடு செய்த கைவைத்தியத்தால் வந்த சேதம் அதிகம். நான் செய்ததும் அதில் உண்டு. ஆகவே எந்த அறிகுறியானாலும் வரிசை ஒன்றுதான்: படம் எடுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள், காரணத்தை அறைக்குள் தேடுங்கள். புத்தகத்தின்மேல் கை வைப்பது கடைசியில்.

அட்டையில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். இங்கே இன்னொன்றும் உண்டு: தனாக்கா, பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து. அதைப் பூசிய கையோடு புத்தகத்தைப் பிடித்தால், காய்ந்து வெளிர்மஞ்சள் பொடியாக விரல் தடம் போலவே படியும். டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தனாக்கா விரல் அகலத்தில் தட்டையாகத் தெரியும். பூஞ்சை வட்ட வட்டமாகப் பரவியிருக்கும்; லென்ஸ் வைத்தால் மயிர் மயிராக நிற்கும். முதுகிலும் மூலைகளிலும்தான் அது முதலில் பிடிக்கும், பைண்டரின் பசை இருப்பது அங்கேதான்.

பூஞ்சை என்று உறுதியானால் அடுத்த கேள்வி, அது உயிரோடு இருக்கிறதா, அடங்கிவிட்டதா. மெல்லிய தூரிகை நுனியால் தொடுங்கள். ஈரமாக இழுபட்டால் உயிரோடு இருக்கிறது. காய்ந்த தூசியாக எழும்பினால் அடங்கிவிட்டது. உயிருள்ளதைத் துடைக்கவே கூடாது. துடைத்தால் தாளின் நாருக்குள் தேய்த்து இறக்கிவிடுவீர்கள். அட்டைப் பெட்டியில் தனியே எடுத்துப்போய், காற்றோட்டமுள்ள வேறு அறையில் ஃபேன் போட்டுக் காய விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே புழுங்கி இன்னும் பெருகும். அடங்கிய பிறகு வராந்தாவுக்குக் கொண்டுபோய், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆட்டுமுடித் தூரிகையால் ஒரே திசையில் தள்ளிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் யாரும் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

வெயிலில் விரித்துக் காய வைக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். அட்டை வளைந்துகொள்ளும், மை வெளுக்கும், தாள் பழுப்பேறும். பழைய கையேடுகளில் 40 வாட் பல்புக்கு மேலே தைமால் தட்டு வைத்து மூடிய பெட்டிக்குள் புகை போடச் சொல்லியிருக்கும். அதையும் விட்டுவிடுங்கள். மூச்சுக்கு ஆகாது, சில மைகளை இளக்கிவிடும், பூஞ்சை மறுபடி வருவதைத் தடுப்பதும் இல்லை.

என் முதல் வருடத்தில் கிருமிநாசினி தொட்ட ஈரத்துணியால் நாற்பது அட்டைகளைத் துடைத்தேன். சிவப்புத் துணியின் சாயம் கரைந்து பக்க ஓரங்களில் ஏறியது. மூன்றே வாரத்தில் பூஞ்சை திரும்பி வந்தது. ஏறிய சாயம் இன்றும் அப்படியே இருக்கிறது.

துடைத்த பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறது

அப்படியானால் நோய் அறைக்குத்தான். பூஞ்சை விதைகள் காற்றில் எப்போதும் இருக்கும். அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிச் சில நாட்கள் அசையாமல் நின்றால் முளைத்துவிடும். மே நடுவிலிருந்து அக்டோபர்வரை இங்கே பெய்கிற மழைக்கு, மூடிய அறையில் 80க்கு மேல் நிற்பது சர்வ சாதாரணம்.

சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்குங்கள். வாங்கியதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம் தினமும் காலையும் மாலையும் நோட்டில் குறியுங்கள். ஒரு மாதக் குறிப்பே பாதிக் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்களுக்கு அது காட்டிக்கொடுத்தது ஏசியை. பகலில் வகுப்பு நேரத்துக்கு மட்டும் ஓடும். கரண்ட் போனால் நிற்கும். குளிர்ந்த சுவரும் குளிர்ந்த அட்டையும் இருக்கிற அறைக்குள் வெளியிலிருந்து சூடான ஈரக்காற்று நுழைந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல் புத்தகம் வியர்க்கும். இரவும் பகலும் தொடர்ந்து ஓட்ட முடியாத ஏசி, ஏசியே இல்லாததைவிட மோசம். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு எங்களுடையதை நிறுத்தினோம். அதற்குப் பதில் இரண்டு ஃபேன்கள். வெளியே ஈரப்பதம் உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும் நேரத்தில் மட்டும் ஜன்னல் திறப்பு. அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரையடி உயர்த்தி வைத்தோம். கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிவிட்டு மெல்லிய துணித் திரை போட்டோம். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல், ஒரு விரல் தாராளமாக நுழையும்படி விட்டோம். இப்போதும் ஜூலையில் 70ஐத் தாண்டுகிறது. ஆனால் காற்று நகர்கிறது, பூஞ்சை பிடிக்க இடம் கிடைப்பதில்லை.

சிலிக்கா ஜெல் மரப் பீரோவுக்குப் பிரயோஜனமில்லை. சந்து பொந்து வழியாக ஊரின் ஈரம் முழுவதும் உள்ளே வரும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி என்றால் வேலை செய்யும். மிக அரிய நாலைந்து நூல்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில், தாள் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து மூட வேண்டும். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் ரகத்தை வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உண்டு, அது உடம்புக்கு நல்லதல்ல.

ஓட்டைகள், சுரண்டல், மண் கோடு

ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள். கடுகு அளவில் வட்டமாக, அம்பு விட்டதுபோல் பல தாள்களைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால் இராமபாணம். சின்ன வண்டின் புழு. தாளின் மேல்தோலை மட்டும் நக்கியதுபோல், விளிம்பு கிழிந்த திட்டுகளாகச் சுரண்டியிருந்தால் வெள்ளிமீன் பூச்சி. பழுப்புக் கறையும் மொரமொரப்பான கழிவும் இருந்தால் கரப்பான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தாளில் ஓடுகிற வெளிறிய புள்ளிகள் புத்தகப் பேன். அது தின்பது பெரும்பாலும் பூஞ்சையைத்தான், எனவே அதைப் பார்த்தால் ஈரமானியைப் பாருங்கள். சுவரிலோ அலமாரிக் காலிலோ மண் கோடு ஏறியிருந்தால் கரையான். அன்றைக்கே புத்தகங்களை நகர்த்துங்கள், கட்டடத்துக்கு வைத்தியம் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதில் இந்த லாபமும் உண்டு: கரையான் ஏறும் கோடு கண்ணில் படும்.

இராமபாணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஓட்டைகள் நூறு வருடத்துக்கு முந்தியவையாகவும் இருக்கலாம். புத்தகத்தைத் தட்டிச் சுத்தம் செய்து, கறுப்புத் தாளின்மேல் வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் தாளில் வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

உறைபெட்டிதான் மருந்து. புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் போட்டு மூடி, மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது ஒரு வாரம். நாங்கள் இரண்டு வாரம் வைக்கிறோம். மெதுவாகக் குளிர்ந்தால் சில பூச்சிகள் குளிருக்குப் பழகிவிடும், எனவே பெட்டியைத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மின்வெட்டில் பெட்டி இளகிவிட்டால் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். முழுதாக ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடி நெகட்டிவ்களை இதற்குள் வைக்க வேண்டாம்.

பாச்சை உருண்டை புழுவைக் கொல்லாது, வாசிக்க வருபவருக்குத் தலைவலி தரும். வேப்பிலை கெடுதல் செய்யாது என்று பலர் வைக்கிறார்கள். காய்ந்து நொறுங்கினால் அதுவே பூச்சிக்குத் தீனியும் தாளுக்குக் கறையும் ஆகிறது. நான் எடுத்துவிட்டேன்.

எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது

எங்கள் பதிவேடுகளிலேயே என்னை அதிகம் கலங்க வைப்பது இதுதான். 1870களின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றை முதல் முறை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, பெரிய எழுத்துகளின் தடித்த கோடுகளில் மை இல்லை, தாளும் இல்லை. எழுத்தின் வடிவத்திலேயே வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பழுப்பு வளையம். குழந்தையின் பெயரில் இரண்டு எழுத்து மேசையில் உதிர்ந்து கிடந்தது, மிளகுத் தோல் மாதிரி.

அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சியது. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். அன்னபேதி கூடிப்போனால் மிஞ்சிய இரும்பும் அமிலமும் தாளைத் தின்னத் தொடங்கும். ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். எழுதியவர் பேனாவை அழுத்திய இடத்தில்தான் முதலில் விழும்.

இங்கே தண்ணீர் எந்த வடிவிலும் கூடாது. மாவுப் பசை தடவி மெல்லிய தாள் ஒட்டலாம் என்று தோன்றும். அந்தப் பசையின் ஈரத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத இரும்பு கரைந்து நல்ல தாளுக்குள் பரவும். சில வருடம் கழித்து அங்கேயும் பழுப்பேறும். நம்மால் ஆகக்கூடியது: பக்கத்தின் மூலையைப் பிடித்துத் திருப்பாமல், அடியில் ஒரு தாளை நுழைத்துத் தாங்கித் திருப்புவது. புத்தகத்தை முழுதாக விரிக்காமல், இரண்டு பக்கமும் மெத்தை வைத்து வி வடிவில் திறப்பது. உதிர்ந்த துணுக்குகளைப் பக்க எண் எழுதிய சின்ன உறையில் சேமிப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுப்பது. இதற்குக் கால்சியம் பைட்டேட் குளியல் என்ற சிகிச்சை உண்டு, அது பயிற்சி பெற்றவர் கைக்கு உரியது. அந்தக் கை வரும்வரை பதிவேடு உலர்ந்த பெட்டியில் படுத்திருக்கட்டும்.

கையில் செங்கல் தூள் போல ஒட்டுகிறது

தோல் அட்டை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பதனிட்ட தோலுக்கு வரும் நோய், திரும்பாது. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுத்துப் பிசுபிசுக்கும், கறை உள்ளே இறங்கும். வெள்ளைத் தாளில் உறை போட்டு நாடாவால் கட்டி வையுங்கள். தூள் பக்கத்துப் புத்தகத்தில் ஏறாமல் இருந்தால் போதும்.

திருப்பினால் தாள் ஒடிகிறது

1850களுக்குப் பிறகு மரக்கூழில் செய்த தாள், கூழிலேயே படிகாரமும் ரோசின் என்ற பிசினும் கலந்தது. அமிலம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. இதைவிட நூறு வருடம் மூத்த ரோமாபுரி அச்சு, கந்தல் துணித் தாளில் இருப்பதால், இன்றும் துணி மாதிரி மடங்குகிறது. ஆகவே வயதை வைத்து முன்னுரிமை போடாதீர்கள். எங்கள் அறையில் முதலில் சாகப்போவது 1920களின் பங்குப் பத்திரிகைகளும் மலிவுப் பதிப்பு ஜெபப் புத்தகங்களும்தான். படமெடுக்கும் வரிசையில் அவை முன்னால் நிற்க வேண்டும்.

அமிலமற்ற பெட்டி இங்கே கிடைப்பது அரிது. இன்றைய நகலெடுக்கும் தாள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்தது. அதில் உறை செய்யலாம். சந்தேகமிருந்தால் பிஎச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள்: ஊதாவானால் சரி, மஞ்சளாகவே நின்றால் அமிலம்.

பக்கங்களுக்கிடையே பத்திரிகை நறுக்கு, காய்ந்த பூ, புனிதர் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழுப்பு நிழல் விழும். ஆனால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதாமல் எடுக்காதீர்கள். அடக்கப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே வைத்த புனித அந்தோணியார் படம் வெறும் படமல்ல, யாரோ வந்து வைத்தது.

பழைய டேப் மஞ்சளாகி எழுத்தை மறைக்கிறது

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் தாயின் ஞானஸ்நான வரியைத் தேடி வந்தார். வரி கிடைத்தது. தாயின் பெயர்மேல், எப்போதோ யாரோ கிழிசலை ஒட்டிய டேப், தேன் நிறத்தில். டேப்பின் பிளாஸ்டிக் தானாகக் கழன்றுவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கி எதிர்ப் பக்கத்தையும் பிடித்திருந்தது. பக்கத்தைப் பிரித்தால் பெயர் கிழியும். அவர் காத்திருக்க, சன்னமான எலும்புக் கத்தியால் முக்கால் மணி நேரம் எடுத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்தேன். பெயர் பிழைத்தது. இன்னொரு நாள் கை நடுங்கினால் பிழைக்காது.

ஒட்டியிருக்கும் டேப்பை இழுக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். கேக் சுடும் சிலிகான் பூசிய தாளில் ஒரு துண்டு வெட்டி நடுவில் வையுங்கள்; பசை எதிர்ப் பக்கத்தில் ஒட்டாது. மீதி, தேர்ந்தவர் வரும்போது.

புதிய கிழிசல் என்றால், இரும்பு மை இல்லாத அச்சுத் தாளுக்கு மட்டும், நாமே ஒட்டலாம். மைதா மாவைப் பிசைந்து தண்ணீருக்குள் அலசினால் பிசின் கையில் தங்கும், வெள்ளை ஸ்டார்ச் அடியில் படியும். அந்தப் படிவை மட்டும் காய்ச்சுங்கள். பைண்டிங் பட்டறைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். எங்களுக்குப் பைண்டிங் செய்யும் பெரியவரிடம் வேண்டாம் என்றேன். "தம்பி, அது இல்லாட்டி கரப்பான் ஒரே ராத்திரியில நக்கிடும்" என்றார். கரப்பானை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அந்தத் துத்தத்தில் இருக்கும் செம்பு தாளை உள்ளிருந்து அரிக்கும். ஒட்டுத் தாளுக்கு ஜப்பான் டிஷ்யூ கிடைக்காவிட்டால், ஷான் மாநிலத்துப் பிந்தயாவில் முசுக்கட்டைப் பட்டையில் கையால் செய்யும் தாள் உண்டு, குடைக்குப் போடுகிறார்களே, அதேதான். வெளுக்காத, சாயமில்லாத, மிக மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். கத்தரிக்காமல் ஈரக் கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் பிடிக்கும்.

குண்டூசி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது

பிடுங்க வேண்டாம். ஊசிக்கு மேலும் கீழும் மெல்லிய பாலியெஸ்டர் துண்டை நுழைத்துத் தாளைக் காத்துக்கொண்டு, மெதுவாக அசைத்துத் துருவின் பிடி விட்ட பிறகு உருவுங்கள். கட்டின் வரிசையைக் கலைக்காதீர்கள். தேதி வாரியாக அடுக்கினால் அழகாக இருக்கும், ஆனால் எந்தக் கடிதத்தோடு எந்தக் கணக்கு வந்தது என்ற உறவு போய்விடும்.

ஓலையில் எழுத்து தெரியவில்லை. பறபைக்கில் எழுத்து அழிந்து வருகிறது

ஓலையில் எழுத்து கீறியது, மை பிறகு தேய்த்தது. மை போனாலும் கீறல் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுத்தால் பெரும்பாலும் வாசித்துவிடலாம், எண்ணெய் தொடவே தேவையில்லை. ஓலை உலர்ந்து விறைத்திருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் ஒற்றி ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுத் தடவலாம். பர்மியர்கள் இதற்கு யெனான்ஜாங் பக்கத்துக் கச்சா எண்ணெய்க் கசிவைத்தான் பூசினார்கள். பழைய ஓலைகளின் கருமையும் வாசனையும் அதனால் வந்தது, அழுக்கென்று கழுவிவிடாதீர்கள். தங்கமும் அரக்கும் பூசிய, கம்மவாசா என்ற பௌத்தச் சடங்கு ஏடுகளில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

கறுப்புப் பறபைக் வேறு விஷயம். கரி பூசிய தாளில் மாக்கல் குச்சியால் எழுதியது, சிலேட்டு மாதிரி. விரல் பட்டாலே எழுத்து போகும். தூசி தட்டக்கூட வேண்டாம். திறந்து, படமெடுத்து, மடிப்புகளுக்கிடையே எதையும் உரசவிடாமல் பெட்டியில் வையுங்கள்.

புத்தகம் நனைந்துவிட்டது

2008 மே 2, 3இல் நர்கிஸ் புயல் கூரைத் தகட்டைக் கொண்டுபோனபோது எனக்கு முன்னிருந்தவர் ஒரு முழு அலமாரியை இழந்தார். காரணம் தண்ணீர் மட்டுமல்ல, அடுத்த மூன்று நாள். நனைந்த தாளில் இரண்டு மூன்று நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும்.

எடுத்து நகர்த்தும்போது, மூடியிருக்கும் ஈரப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கொஞ்சம் நனைந்ததை நிமிர்த்தி நிறுத்தி விசிறியாக விரித்து ஃபேன் காற்றில் வையுங்கள். நன்றாக நனைந்ததைப் படுக்க வைத்து, சில பக்கங்களுக்கு ஒரு தரம் அச்சிடாத செய்தித்தாளை வைத்து அடிக்கடி மாற்றுங்கள். பளபளப்பான தாள் காய்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈரத்தோடேயே உடனே உறைபெட்டிக்கு அனுப்புங்கள். இருபது முப்பதுக்கு மேல் நனைந்திருந்தால் எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காய வைப்பதுதான் நடக்கிற காரியம். எந்த மீன் கம்பெனி உறைபெட்டியில் இடம் தரும் என்று கோடையிலேயே பேசி வையுங்கள்.

பெட்டியைத் திறந்தால் வினிகர் வாசனை

அசிடேட் மைக்ரோஃபிலிம் சிதைகிறது. மற்ற சுருள்களிலிருந்து இன்றே பிரியுங்கள், அது தொற்றும். நகலெடுக்க முடிந்தால் உடனே.

கணினிப் பட்டியல் கிறுக்கலாகத் தெரிகிறது

2019 அக்டோபர் 1இல் மியன்மார் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் செய்த பர்மியப் பட்டியல் பெரும்பாலும் ஜோஜி எழுத்துருவில் இருக்கும். ஜோஜியில் ஏகாரக் குறி மெய்க்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். அதனால்தான் எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன. மாற்றியில் போடுவதற்கு முன் மூலக் கோப்பைத் தனியே சேமியுங்கள். ஏற்கெனவே யூனிகோடில் இருந்த வரியை மறுபடி மாற்றினால் நிஜமாகவே கெட்டுப்போகும். எங்கள் பட்டியலில் இரண்டும் கலந்திருந்தது, வரி வரியாகப் பிரிக்க ஒரு மழைக்காலம் ஆனது. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய தலைப்புகளுக்கும் இதே கதை.

படங்கள் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அவை பாதுகாப்பில் இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில்.

தேடி வந்த பெயர் பதிவேட்டில் இல்லை

இல்லை என்று சொல்லுமுன் பெயரை வேறு உருவத்தில் தேடுங்கள். 1856க்குப் பிறகு இங்கே எழுதியவர்கள் பெரும்பாலும் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள். சின்னப்பன் லத்தீனில் பவுலுஸ் ஆகியிருப்பார், ராயப்பன் பெத்ருஸ், யாகப்பன் யாக்கோபுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். தமிழிலேயே விட்ட பெயரைப் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். வரிசை பிறந்த நாளில் அல்ல, ஞானஸ்நானம் கொடுத்த நாளில் போகும். பைண்டர் மறுதையல் போட்டபோது பக்கம் இடம் மாறியிருக்கலாம், பக்க எண்ணைச் சரிபாருங்கள்.

பக்கமே இல்லையென்றால் இரண்டு வழி உண்டு. 1918இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கும் ஆண்டு முடிவில் பதிவேட்டின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. 1983 சட்டம் வரும்வரை இது இருந்தது. எல்லாப் பங்கும் அனுப்பவில்லை, ஆனால் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. இரண்டாவது, 1908 முதல் திருமணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து அங்கே ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி. ரங்கூனில் திருமணமான ஒருவர் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவரானால், ரங்கூன் செய்தி ஊர்க் கோவில் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கலாம்.

அப்படித்தான் ஒரு தம்பதியின் திருமணப் பக்கம் பூஞ்சையில் கூழாகிப் போயிருந்தபோது, மணமகனின் ஊர்க் கோவிலுக்கு எழுதினோம்: தகப்பன் பெயர், உத்தேச வருடம், தெரிந்தால் ஞானத் தகப்பன் பெயர். ஐந்து மாதம் பதில் இல்லை. ஆறாம் மாதம் அங்கிருந்த சாமி ஒரு படம் அனுப்பினார். ஞானஸ்நான வரியின் ஓரத்தில், வேறு மையில், சாய்ந்த கையெழுத்தில் ரங்கூன் என்றும் ஒரு தேதியும் மணமகள் பெயரும். அந்தப் படத்தை நகல் தாளில் அச்சிட்டு, கூழான பக்கம் இருந்த இடத்தில் ஒரு சீட்டோடு வைத்திருக்கிறேன்.